தாத்தாவின் தப்பு

பந்தலூர்,
அக்டோபர் 9.

அன்பு மகள் ஜீவிதாவுக்கு,

சித்தப்பா காத்தமுத்து எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நார்வேயில், உங்கள் பெர்கனில் மழை விடாது என்று உன் அப்பா எப்போதோ ஒரு பொங்கல் அட்டையில் எழுதியிருந்தார். இங்கேயும் விடவில்லை. சாயங்காலம் ஆனால் யானை பயத்தில் யாரும் வெளியே இறங்குவதில்லை. போன வாரம் எங்கள் பாடியில் கடைசி வீட்டுச் சுவரைத் தள்ளிவிட்டு அரிசிப் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். பாடி என்றால், இலங்கையில் நாம் லயம் என்று சொல்வோமே, தோட்டத்து வரிசை வீடு, அதுதான். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே போன் என் மகன் பாண்டியனுடையது. அதில் நீ பேசினால் அவன் மனைவி ரஞ்சனிக்குக் கேட்கும். அவளுக்குக் கேட்கக் கூடாத விஷயம் இது. நீ ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்று தெரியும். என் கையெழுத்து உனக்குப் புரியும். பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்காமல், மாவுப் பொட்டலம் சுற்றிய காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் எழுதுவது இது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அப்பா வீரபத்திரன் இறந்ததற்கு நான் வருத்தம் தெரிவித்து எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை. எனக்கு அவர் ஒரே அண்ணன். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறும்போது அவர் வர மறுத்துவிட்டார். வவுனியாவுக்குப் போனார், அங்கிருந்து நார்வேக்குப் போனார். அம்மா செத்ததற்குத் தந்தி கொடுத்தேன், பதில் இல்லை. அகதியாகப் போனவர் வர முடியாது என்று எனக்குச் சமாதானம் சொன்னார்கள். வர முடியாது, சரி. அம்மாவுக்காக ஒரு வரி எழுதவும் முடியாதா? என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பூட்டி வைத்திருந்துவிட்டு, சாகும் நேரத்தில், ழகரம் வாயில் நுழையாத உன்னிடம் சொல்லியிருக்கிறார். உன்னைக் குறை சொல்லவில்லை. அவரைச் சொல்கிறேன்.

இனி நீ வரைந்த படம். கண்காட்சி அழைப்போடு நீ அனுப்பியதைப் பாண்டியன் போனில் காட்டி, விரலால் பெரிசாக்கிப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்களம் தோல் இழுத்துக் கட்டியது போல வட்டமாக, ஒரு பக்கம் சாய்ந்து, கடலுக்கு மேல் தொங்குகிறது. அதில் நம் சனம் வரிசையாக நிற்கிறது. கால் இருக்க வேண்டிய இடத்தில் தேயிலை வேர். நெஞ்சில் லயத்துக் கதவு, நம்பரோடு. வானத்திலிருந்து வெள்ளையாகக் கொட்டுவதை உங்கள் ஊர்ப் பனி என்று நினைத்தேன். கீழே பிய்ந்து கிடந்த சாக்கைப் பார்த்த பிறகுதான் மாவு என்று தெரிந்தது. மூன்று பேருக்கு மட்டும் நெஞ்சுக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஆகாயம். சுடப்பட்ட மூன்று பேர் இவர்கள்தான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடுவில் என் அப்பா, உன் தாத்தா, தப்புக்காரக் கந்தன். முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தப்பு. அவர் கையே குச்சியாக வளைந்து அவர் முகத்தையே அடிக்கிறது. உடம்பில் கறுப்புக் கோட்டு. பொத்தானுக்குப் பதில் காதுகள். ஒரு காது மட்டும் அறுந்து நூல் தொங்குகிறது.

பாண்டியன் சிரித்தான். "மனுசன் நெஞ்சுக்கெல்லாம் கதவு போட்டிருக்காப்பா. நம்ம கக்கூசுக்குக் கதவு கேட்டு மூணு வருசமா எழுதிக்கிட்டிருக்கோம்" என்றான். நான் சிரிக்கவில்லை. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெஸிந்தா டீச்சரிடம் கேட்டேன். "இதுக்குப் பேரு சர்ரியலிசம்ங்க. கனவு மாதிரி வரையறது. இதுல சரி, தப்புன்னு பாக்கக் கூடாது" என்றார். கனவிலும் நம் பெண்கள் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்ட மாட்டார்கள், கயிறு தலையில்தான் கிடக்கும் என்று சொன்னேன். நீ தோளில் மாட்டியிருக்கிறாய். அதைத் திருத்து.

அது சின்ன விஷயம். பெரிய விஷயம் படத்தின் பெயர். தாத்தாவின் தப்பு என்று தமிழில் போட்டு, பக்கத்தில் இங்கிலீஷில் குற்றம் என்று அர்த்தம் வரும் சொல்லைப் போட்டிருக்கிறாய் என்று டீச்சர் சொன்னார். மகள், உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையா? தப்பு என்றால் மேளம். உங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பறை என்று இருக்கும். தோட்டத்தில் நாங்கள் தப்பு என்றுதான் சொல்வோம். விடியலில் ஆள் கூட்டுவது பெரட்டுத் தப்பு, பிணத்துக்கு அடிப்பது சாவுத் தப்பு. அடியைக் கேட்டே என்ன விஷயம் என்று நான்கு மலைக்கும் தெரிந்துவிடும். உன் அப்பா தப்பு என்று சொன்னது தாத்தாவின் மேளத்தை. நீ அதைக் குற்றமாக எழுதிவிட்டாய்.

உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாததால் நடந்ததை எழுதுகிறேன். 1974, பஞ்ச வருடம். இலங்கையில் நம் கருக்குமலைத் தோட்டத்தில் அரிசி இல்லை, ஆளுக்குக் கொஞ்சம் மாவு, அதிலும் புழு. ஸ்டோரில் மூட்டை அடுக்கிக் கிடந்தது. மேல்கணக்கு ஆட்கள், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவுக்காரர்கள், பூட்டை உடைத்து, மாவைப் பங்கு போட்டுக்கொண்டு, பேக்டரிக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். தோட்டத்து மானேஜர் பெரியதொரை இறங்கி வந்து பேசட்டும் என்றார்கள். பத்திரிகையில் கலவரம் என்று எழுதினான், தொழிற்சங்கத்தில் போராட்டம் என்றார்கள். நம் சனம் மாவுக் கலகம் என்றது. சில நாள் கழித்து ஒரு விடியலில் பெரட்டுத் தப்பு அடித்தது. தொரை இறங்கி வந்துவிட்டான், பேச்சு முடிந்துவிட்டது என்று நம்பி எல்லோரும் வெளியே வந்து பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றார்கள். தேயிலைக்குள் போலீஸ் இருந்தது.

அடித்தவர் அப்பா. அடிக்கச் சொன்னது யார் என்பதுதான் ஐம்பது வருடமாகக் கேள்வி. சங்கத் தலைவர் ஆளனுப்பிச் சொன்னார் என்று என் அம்மா சாகும்வரை சொன்னாள். தொரையிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு அடித்தான் என்று சனம் சொன்னது. சுடப்பட்டவர்களில் முதலில் விழுந்தவர் பெயர் சின்னாண்டி. அவருடைய மகள் வயிற்றுப் பேத்திதான் என் மருமகள் ரஞ்சனி. இப்போது புரிகிறதா, ஏன் சுவரைப் பற்றி எழுதினேன் என்று?

ஆகையால் இரண்டு காரியம் செய். பெயரை மாற்று. கோட்டைக் கழற்று. தோட்டத்தில் கோட்டுப் போட்டவன் கங்காணியும் கணக்கப்பிள்ளையும்தான். தப்புக்காரனுக்குக் கோட்டு ஏது? அது பச்சைப் பொய். தை மாதம் கண்டியில் கண்காட்சி என்றும், செத்தவர்களின் குடும்பங்களை அழைத்திருப்பதாகவும் போட்டிருக்கிறாய். அதற்கு முன் இது நடக்க வேண்டும். பதிலை ஜெஸிந்தா டீச்சர், நூலகம், பந்தலூர் என்று எழுது. வீட்டுக்கு எழுதாதே.

குளிருக்கு அடக்கமாக இரு.

உன் சித்தப்பா,
க. காத்தமுத்து


பந்தலூர்,
நவம்பர் 12.

மகள் ஜீவிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தமிழ் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ழகரத்தைப் பற்றி நான் எழுதியதற்கு நீ கோபிக்காதது உன் அம்மாவின் குணமாக இருக்கும், எங்கள் பக்கத்தில் அந்தக் குணம் கிடையாது.

பெயரை மாற்றலாம் என்கிறாய். கோட்டை எடுக்க முடியாது என்கிறாய். கோட்டு உன் கற்பனை இல்லை, ஆஸ்பத்திரியில் உன் அப்பா பேச்சுக் குழறிய நாட்களில் கைதுடைக்கும் காகிதத்தில் அவரே வரைந்து காட்டியது என்கிறாய். பொத்தான் அறுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பேனாவால் குத்தினார் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தைப் படித்தபோது நூலகத்தில் இருந்தேன். டீச்சர் தண்ணீர் கொடுத்தார்.

இங்கே நடந்ததைக் கேள். எனக்கு மட்டும் வந்தது என்று நான் நினைத்த அந்த அழைப்பு, கண்டியிலிருந்து அட்டனுக்குப் போய், அட்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் வழியாக இந்தப் பாடியில் எல்லார் போனிலும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரஞ்சனியின் அம்மா வேலாமணி வந்தாள். சின்னாண்டியின் மகள் இவள்தான். அப்பனைச் சுட்டபோது கைக்குழந்தைக்கு மேல், நடக்கும் பிள்ளைக்குக் கீழ். என் மகனும் அவள் மகளும் விரும்பிக் கட்டிக்கொண்டபோது கல்யாணத்துக்கு வரவில்லை. மூத்த பேரனுக்குக் காது குத்தும்போதுதான் எங்கள் படியேறினாள். அன்றைக்கும் என் அப்பா பெயரை வாயால் சொல்லவில்லை. நானும் அவள் அப்பா பெயரைச் சொல்லவில்லை. அப்படித்தான் இத்தனை வருடம் சம்பந்தி முறை கொண்டாடினோம்.

வந்தவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் போனை வெளிச்சத்தில் பிடித்தாள். ரஞ்சனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சம்பந்தி, ஒங்க அண்ணன் மக வரைஞ்சதாமே?" என்று வேலாமணி கேட்டாள். ஆமாம் என்றேன். "எங்கப்பாரு எதுங்க இதுல?" என்றாள். திறந்த கதவு மூன்றில் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் ஆள் என்று சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விரலை நகர்த்தி, "இந்தக் கோட்டு ஏது?" என்றாள்.

அது கனவு, இப்போது வெளிநாட்டில் கனவைத்தான் வரைகிறார்கள், அதில் சரி தப்புப் பார்க்கக் கூடாது என்று டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். வேலாமணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "கனவுல வீடு பறக்கும், ஆளு பறக்கும். ஒரு பொத்தான் மட்டும் அந்துக் கெடக்குமா? யாரோ பாத்தவுங்க சொல்லியிருக்காங்க" என்றாள். ரஞ்சனி கரண்டியை வைத்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அன்று முதல் ரஞ்சனி எனக்குத் தட்டு வைக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. கோபமாகப் பேசினால் பதில் சொல்வேன். அவள் பேசுவதில்லை. என் மகன் இரண்டு பேருக்கும் நடுவில் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறான்.

நான் போன கடிதத்தில் தப்புக்காரனுக்குக் கோட்டு ஏது என்று கேட்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். கோட்டு இருந்தது.

எனக்குப் பதினான்கு வயது. காய்ச்சலில் படுத்திருந்தேன். அன்று விடியலில் அப்பாவோடு போனது உன் அப்பா. வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய வைப்பது அவர் வேலை, தோல் காயாவிட்டால் சத்தம் எழும்பாது. வெடிச் சத்தம் எனக்குக் காய்ச்சலுக்குள் கேட்டது. மத்தியானம் கண்ணைத் திறந்தபோது சுவர் ஆணியில் ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டுத் தொங்கியது. மேல் பொத்தான் இல்லை. நூல் தொங்கியது. ஏதம்மா என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். இரவே அதை அடுப்பில் வைத்தாள். கம்பளி எரிந்தால் முடி எரிகிற நாற்றம் வரும் மகள். லயம் முழுக்க நாறியது. யாருக்கு மூக்கு இல்லை?

அது தொரை பக்கத்துக் கூலியாக இருக்க வேண்டியதில்லை, சங்கத் தலைவர் குளிருக்குக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். அவரும் கோட்டுப் போடுகிறவர்தான். நான் இதை இத்தனை வருடம் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலைவர் கொடுத்ததாக இருந்தால் அம்மா ஏன் எரித்தாள் என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

அப்பா அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட இருக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டவர்கள் கையில் கல்லோடு கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. செத்தபோது யாரும் தப்பு அடிக்க வரவில்லை. மூன்று கணக்குக்கும் சாவுத் தப்பு அடித்த மனிதரின் பாடை சத்தமில்லாமல் போனது. உன் அப்பா தப்பைக் கையில் எடுத்தார், காய்ச்சினார், தோளில் மாட்டினார், அடிக்காமல் பாடைக்குப் பின்னால் நடந்தார். ஏன் அடிக்கவில்லை என்று அவரைக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கப்பலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டபோதும் அப்படித்தான். "கூடவே வந்துரும்டா" என்றார். எது கூட வரும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கேட்காமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. உன் கடிதத்தில், ஆஸ்பத்திரியில் அவர் "அப்பா தப்பு" என்று சொன்னதாக மட்டும் இருக்கிறது. அதோடு நிறுத்தினாரா? தமிழில் அப்படி நிறுத்த மாட்டோம். பின்னால் ஒரு சொல் வரும். அப்பா தப்பு அடித்தார் என்றால் மேளம். தப்புச் செய்தார் என்றால் வேறு. அடிச்சாரு என்றாரா, செஞ்சாரு என்றாரா? உனக்கு அப்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்டிருக்கும். நிதானமாக உட்கார்ந்து அவர் குரலை நினைத்துப் பார்.

அடித்தார் என்று இருந்தால் உடனே எழுது. செய்தார் என்று இருந்தால் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்கிறேன்.

சித்தப்பா காத்தமுத்து


பந்தலூர்,
டிசம்பர் 28.

மகள் ஜீவிதாவுக்கு,

நான் செய்த முட்டாள்தனம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. செய்தார் என்றால் எழுதாதே என்று எழுதினேன். நீ எழுதவில்லை. தினமும் காலையில் நூலகத்துக்குப் போனேன். டீச்சர் தலையை ஆட்டுவார். திரும்பி வருவேன். மழையில் மண் சரிந்து கூடலூர்ப் பாதை அடைபட்டிருந்தது, தபால் வரவில்லை என்றார்கள். பாதை திறந்தது. கிறிஸ்துமஸ் நெருக்கடியில் தபால் தேங்கியிருக்கும் என்றார்கள். இருக்கலாம். ஒரு கடிதம் வராமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. அதில் ஒன்று மட்டும் நானே உண்டாக்கியது. எது என்று தெரியாமல் ராத்திரி முழுக்க யானை ஓலை முறிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். யானையாவது வந்துவிட்டுப் போய்விடும்.

நீ கடிதம் எழுதாமல் போனில் செய்தி அனுப்புவாய் என்று நான் நினைக்கவில்லை. பாண்டியன் ஷிப்டுக்குப் போயிருந்தான். போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. ரஞ்சனிதான் வாசித்தாள், எனக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தாள். "சித்தப்பாவிடம் சொல்லுங்கள், அப்பா சொன்ன சொல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடிதத்தில் எழுதக் கூடாது என்று தோன்றியது. கண்டிக்குப் போகும் முன் பந்தலூருக்கு வந்து நேரில் சொல்கிறேன்." வாசித்து முடித்து ரஞ்சனி என்னைப் பார்த்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு பார்த்தாள்.

"எந்தச் சொல்லு மாமா?" என்றாள். தெரியாது என்றேன். "தெரியாததுக்கு எதுக்கு மாமா கை நடுங்குது?" என்றாள். குளிர் என்றேன். அவள் போர்வையை எடுத்து வந்து என் மேல் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மகள், திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாளே வேலாமணி வந்தாள். ரஞ்சனி சொல்லியிருக்கிறாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். நானும் சண்டைக்குத் தயாராக, என் அப்பனைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று ஆரம்பிக்க வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். எனக்குச் சண்டை தெரியும். தோட்டத்தில் மானேஜரிடமும் கிராம அதிகாரியிடமும் சங்கத்திலும் சண்டை போட்டே வயதானவன். அவள் வாசற்படியில் நின்றபடியே சொன்னாள். "சம்பந்தி, நான் ஒங்ககிட்ட ஞாயம் கேக்க வரல. எங்கப்பாருக்கு முப்பது வயசு. யாரு கூப்புட்டு அவரு வெளிய வந்தாருன்னு தெரியாமயே நான் கெழவியாயிட்டேன். அந்தப் புள்ள வர்ற அன்னிக்கு நானும் இருக்கணும். அவ்வளவுதான்" என்றாள். வாங்க என்று மட்டும் சொன்னேன்.

அன்று மத்தியானம் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். வராதே, நேராகக் கண்டிக்குப் போ என்று எழுதினேன். கிழித்துவிட்டேன். இன்னொன்று எழுதினேன். எந்தச் சொல்லாக இருந்தாலும் வந்து அடித்தார் என்று சொல்லிவிடு, இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், செத்தவர்கள் யாரும் எழுந்து வந்து கேட்கப் போவதில்லை என்று எழுதினேன். அதை மடித்து உறையில் போட்டு, தபாலாபீஸ் வரைக்கும் கொண்டுபோனேன். தபாலில் போடவில்லை. கொண்டுபோன வழியிலேயே அதையும் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். நான் நல்லவன் என்பதற்காக இதை எழுதவில்லை. நீ பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபிறகு அந்தப் பொய்யோடு ஒரே அடுப்படியில் நான் ரஞ்சனிக்கு எதிரே உட்கார வேண்டும்.

கோட்டைக் கழற்றச் சொன்னதை விட்டுவிடு. படத்தில் எதையும் மாற்றாதே. பெயரையும் எனக்காக மாற்ற வேண்டாம். இங்கிலீஷில் என்ன போடுவது என்று நீ இங்கே வந்துவிட்டுப் போன பிறகு முடிவு செய். இதை இறங்கிப்போய் எழுதுகிறேன் என்று எண்ணாதே. அப்பாவைப் பற்றி நான் நம்புகிறதை நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். கூடையின் கயிறு மட்டும் தலையில்தான் கிடக்க வேண்டும், அதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

வரும் வழியைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் இறங்கினால் பாண்டியன் ஜீப்போடு வருவான். இருட்டுவதற்குள் கூடலூரைத் தாண்டிவிட வேண்டும். கம்பளி கொண்டு வா, உங்கள் ஊர்க் குளிர் வேறு, இது எலும்புக்குள் போகிற ஈரக் குளிர். அட்டைப் பூச்சிக்கு உப்பு நான் வைத்திருக்கிறேன். ரஞ்சனி உனக்கென்று அறையைத் துடைத்து, புதுத் தலையணை உறை தைத்திருக்கிறாள். எனக்கு அது இன்னும் கலக்கமாக இருக்கிறது, ஆனாலும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன் மகள், தட்டாதே. நீ வந்ததும் அந்தச் சொல்லை என்னிடம் முதலில் சொல்லாதே. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லாதே. உன் அப்பா என்ன சொன்னாரோ அதை அவர் சொன்ன மாதிரியே வேலாமணியிடம் சொல். அவள் கேட்டுவிட்டு அழுதாலும் திட்டினாலும் சும்மா இருந்தாலும் நீ பக்கத்திலேயே இரு. நான் அந்த நேரத்தில் உள்ளே இருக்க மாட்டேன். தண்ணீர்க் குழாய்க்கு மேலே தேயிலை ஓரத்தில் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வாசல் தெரியும், பேச்சுக் கேட்காது. பாண்டியன் கூப்பிட்டால் வர மாட்டேன். நீ கூப்பிட்டாலும் வர மாட்டேன். வேலாமணி வாசலுக்கு வந்து, சம்பந்தி சாப்பிட வாங்க என்று ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வருகிறேன்.

நீ பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று தினமும் மாரியம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் சித்தப்பா,
கந்தன் மகன் காத்தமுத்து